கோரல் யூஎஸ்பியா, ஹெய்லோ பலகையா: டாப்ஸ் பார்த்து வாங்காதீர்கள்

ஏஐ ஆக்சிலரேட்டர் பெட்டியின் மேல் 4 டாப்ஸ், 13 டாப்ஸ், 26 டாப்ஸ் என்று போட்டிருக்கும். ஒரு நொடியில் எத்தனை லட்சம் கோடி கணக்கு போடும் என்பதற்கான எண் அது. அதை மட்டும் பார்த்து ராஸ்பெர்ரி பை 5 என்ற கையளவு கணினிக்கு ஏஐ ஆக்சிலரேட்டர் (ஏஐ கணக்குகளை வேகமாகப் போடும் துணைச் சிப்) வாங்கினால், சிலருக்குத் தேவைக்கு மேல் காசு போகும். சிலருக்கு வாங்கிய பொருளில் நினைத்த மாடலே (படத்தில் இருப்பதை அடையாளம் காணப் பயிற்றுவித்த நிரல்) ஓடாது. சிப்புக்குள்ளேயே எவ்வளவு நினைவகம் இருக்கிறது, உங்கள் மாடலை அதற்கேற்ப மாற்றித் தரும் மென்பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. இரண்டுமே பெட்டியில் அச்சாகாது.

இங்கே பார்க்கப்போவது இரண்டு பொருள்கள். ஒன்று கூகுள் 2019-இல் கொண்டுவந்த கோரல் யூஎஸ்பி ஆக்சிலரேட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், 4 டாப்ஸ், 60 டாலர் பட்டியல் விலை. இன்னொன்று ராஸ்பெர்ரி பை நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட ஏஐ ஹேட் பிளஸ். பையின் தலைமேல் உட்காரும் பலகை இது. ஹெய்லோ 8எல் சிப் உள்ளது 13 டாப்ஸ், அறிமுக விலை 70 டாலர். ஹெய்லோ 8 சிப் உள்ளது 26 டாப்ஸ், 110 டாலர்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்று புதிதாக பை 5-க்கு வாங்குபவர் 13 டாப்ஸ் ஹேட் பிளஸ் வாங்கலாம். 26 டாப்ஸ் பலகை, சொந்தமாக மாடல் பயிற்றுவித்து ஓட்டுபவருக்கு மட்டும். கோரல், பை 4 வைத்திருப்பவருக்கும் பிசிஐஇ இணைப்பு (அட்டைகளை நேரடியாகப் பொருத்தும் வேகப் பாதை) இல்லாத பழைய கணினி வைத்திருப்பவருக்கும் இன்னும் நல்ல பொருள்தான். ஆனால் அதன் மென்பொருள் 2021-உடன் நின்றுபோனது என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

மின்சாரம் எங்கே மிச்சமாகிறது

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-இல் ஒரு மாநாட்டில் காட்டிய அட்டவணை இந்தத் துறையில் எல்லோரும் சுற்றிச் சுற்றி வரும் இடம். 45 நானோமீட்டர் சிப்பில் ஒரு 32 பிட் தசமப் பெருக்கலுக்கு 3.7 பைக்கோ ஜூல் (ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆகிறது. அதே பெருக்கலை 8 பிட் முழு எண்ணில் செய்தால் 0.2. கூட்டலில் வித்தியாசம் இன்னும் பெரிது: 0.9-க்கு 0.03. ஆனால் கவனிக்க வேண்டிய எண்கள் இவை அல்ல. சாதாரணச் சிபியு ஒரு கட்டளையை எடுத்து, பிரித்துப் படித்து, எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வதற்கே 70 பைக்கோ ஜூல் அளவில் செலவழிக்கிறது. வெளியே இருக்கும் டிரேம் நினைவகத்திலிருந்து 64 பிட் எடுத்துவர 1,300 முதல் 2,600 வரை.

இதைப் பார்த்தாலே ஆக்சிலரேட்டர் என்றால் என்ன என்பது புரிந்துவிடும். ஒரே கட்டளைக்கு ஆயிரக்கணக்கான பெருக்கல்களைச் சேர்த்துச் செய்தால் 70 பைக்கோ ஜூல் பங்கு பிரிந்து ஒன்றுமில்லாமல் போகிறது. எண்களை 8 பிட்டாகச் சுருக்கினால் பெருக்கலும் மலிவு, நினைவகத்தில் இடமும் கால்வாசி. மாடலின் எடைகளை, அதாவது பயிற்சியில் அது கற்ற எண்களை, சிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டால் டிரேம் பக்கம் போகவே வேண்டாம். கோரல் 4 டாப்ஸுக்கு 2 வாட் எடுப்பதும், ஹெய்லோ 8 வழக்கமான வேலைக்கு 2.5 வாட்டில், 8எல் 1.5 வாட்டில் அடங்குவதும் இந்த மூன்று சிக்கனங்களால்தான். வேறு மாயம் கிடையாது. இந்த மூன்றில் ஒன்று கைவிட்டுப்போனாலும் சிப் சூடான வெறும் அலங்காரம் ஆகிவிடும். பெரும்பாலும் கைவிட்டுப்போவது மூன்றாவது.

4 டாப்ஸ் என்பது நடைமுறையில் எவ்வளவு

படத்தில் இருப்பது என்ன என்று சொல்லும் சின்ன மாடலான மொபைல்நெட் வி2-ஐ எடுத்துக்கொள்வோம். 224-க்கு 224 படம் ஒன்றுக்கு அது சுமார் 30 கோடி பெருக்கிக்கூட்டல் செய்கிறது. பெருக்கல் ஒன்று, கூட்டல் ஒன்று என்று எண்ணினால் 60 கோடி செயல்கள். கோரலில் கூகுளே வெளியிட்ட நேரம் 2.6 மில்லி செகண்ட். வகுத்துப் பாருங்கள்: 0.23 டாப்ஸ். 4 டாப்ஸ் சிப்பில் உண்மையில் வேலை செய்வது நூற்றுக்கு 6 பங்கு கூட இல்லை.

இது கோரலின் குறை என்று நினைக்க வேண்டாம். மொபைல்நெட் மாடலில் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக வடிகட்டும் அடுக்குகள் அதிகம். அவற்றில் ஒரு எடை திரும்பத் திரும்பப் பயன்படும் வாய்ப்பு குறைவு. பெருக்கிகளின் பெரிய கட்டம் பெரும்பாலும் காலியாகவே ஓடும். டாப்ஸ் என்பது எல்லாப் பெருக்கிகளும் எல்லா நேரமும் ஓடினால் என்ற கற்பனைக் கணக்கு. எந்த நிறுவனத்தின் சிப்பானாலும் இதே கதைதான்.

அடுத்து நினைவகம். கோரலுக்குள் எடைகள் வைக்க சுமார் 8 எம்பி இடம் இருக்கிறது. மொபைல்நெட் வி2-இல் 35 லட்சம் எடைகள், 8 பிட்டில் 3.5 எம்பி, வசதியாக உட்காரும். இதைவிடப் பெரிய பட மாடலான இன்செப்ஷன் வி4 சுமார் 43 எம்பி. எட்டு எம்பி உள்ளே தங்கும், மீதி 35 எம்பி ஒவ்வொரு படத்துக்கும் யூஎஸ்பி கம்பி வழியாக மறுபடி மறுபடி வர வேண்டும். யூஎஸ்பி 3-இல் நடைமுறையில் நொடிக்கு 400 எம்பி போகும் என்று வைத்தால் இதற்கு மட்டும் 90 மில்லி செகண்ட் அளவு. கூகுளின் அட்டவணையில் இந்த மாடலுக்கு 85 மில்லி செகண்ட் என்று இருப்பது இதனால்தான். கணக்கு போடும் நேரத்தைவிடக் கம்பியில் காத்திருக்கும் நேரமே அதிகம். அதையே யூஎஸ்பி 2 துளையில் செருகினால் நொடிக்கு 35, 40 எம்பிதான் கிடைக்கும். ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஒரு நொடி! சிப் அதேதான், துளைதான் வேறு. பை 4, பை 5 இரண்டிலும் நீலத் துளைகளில் மட்டும் செருகுங்கள்.

மாடலைச் சிப்புக்கேற்ப மாற்றித் தரும் கோரல் கம்பைலர், வேலை முடிந்ததும் தரும் அறிக்கையில் இரண்டு வரிகளைப் பாருங்கள். சிப்புக்குள் தங்கிய எடை எவ்வளவு, வெளியிலிருந்து ஓட வேண்டிய எடை எவ்வளவு என்று இருக்கும். இரண்டாவது வரி பூஜ்ஜியமாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் சின்ன மாடலுக்கு இறங்குங்கள்.

கோரல்: மாட்டுவதும் மாட்டிக்கொள்வதும்

நிறுவும்போது இயக்க நூலகம் இரண்டு வகையில் கிடைக்கும்: சாதாரண வேகம், முழு வேகம். முழு வேகத்தில் சிப்பின் கடிகாரம் இரட்டிப்பாகும். வேகமும் கூடும், சூடும் கூடும், தொட்டால் கை சுடும் என்று கூகுளே எச்சரிக்கிறது. சாதாரண வேகத்துக்குச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை, முழு வேகத்துக்கு 25 டிகிரி வரை என்பது அவர்கள் கொடுத்திருக்கும் வரம்பு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஏசி இல்லாத அறைக்கு முழு வேகம் சரிவராது என்று இதிலிருந்தே தெரிகிறது. வெயில் காலத்தில் சாதாரண வேகத்துக்கே காற்றோட்டம் பார்க்க வேண்டும். யூஎஸ்பி மாடலில் வெப்பநிலையைப் படிக்க வழியும் இல்லை. கணினிக்குள் அட்டையாகச் செருகும் எம்.2 வகைக் கோரலில் படிக்கலாம். அதில் 85 டிகிரியைத் தொடும்போது டிரைவர் தானே கடிகாரத்தைப் பாதியாக்கும். நூலகத்தை நிறுவிய பிறகு கோரலைக் கழற்றி மறுபடி செருகுங்கள். முன்பே செருகியிருந்தால் அனுமதி விதிகள் அதற்குப் பொருந்தாமல், சாதனம் இல்லை என்றே நிரல் சொல்லும்.

அடுத்த சிக்கல் மின்சாரம். கோரல் உச்சத்தில் 900 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். பை 5-இல் 5 ஆம்பியர் தரும் 27 வாட் அடாப்டர் இல்லையென்றால், எல்லா யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் தரும் என்று போர்டு தானாகவே கட்டுப்படுத்திவிடும். பழைய பை 4 அடாப்டரில் ஓட்டினால் சும்மா இருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும், நாலு படம் ஓடியதும் கோரல் துண்டிக்கும், மறுபடி வரும், மறுபடி துண்டிக்கும். பொருள் பழுது என்று திருப்பி அனுப்பும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துக் கட்டுப்பாட்டை நீக்கலாம்தான். ஆனால் 3 ஆம்பியர் அடாப்டரால் கொடுக்க முடியாததை அந்த வரி கொடுத்துவிடாது.

மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுபவர்கள் விழும் குழி வேறு. கோரல் செருகியவுடன் ஒரு பெயரில் தெரியும்: குளோபல் யூனிசிப் என்ற நிறுவனத்தின் அடையாள எண். முதல் மாடலை ஏற்றியதும் ஃபர்ம்வேர் இறங்கி, கூகுள் என்ற வேறு அடையாள எண்ணுடன் புதிய சாதனம்போல் மறுபிறவி எடுக்கும். முதல் எண்ணை மட்டும் மெய்நிகர் கணினிக்குக் கொடுத்திருந்தால் இரண்டாம் பிறவியில் அது உள்ளே போகாது. எண்ணைக் கொடுக்காமல் யூஎஸ்பி துளையையே கொடுங்கள், அல்லது இரண்டு எண்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

இனி மென்பொருள். கோரலின் அதிகாரப்பூர்வப் பைத்தான் நூலகம் பைத்தான் 3.6 முதல் 3.9 வரைக்கும்தான். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் 2023 அக்டோபரிலேயே 3.11-க்குப் போய்விட்டது. நேராக நிறுவினால் பொருந்தும் தொகுப்பு இல்லை என்று முடியும். வழிகள் இரண்டு: டெபியன் 11 அடிப்படையிலான கன்டெய்னருக்குள் (தன் நூலகங்களோடு தனியே ஓடும் மென்பொருள் பெட்டி) ஓட்டுவது, அல்லது ஆர்வலர்கள் புதிய பைத்தானுக்குக் கட்டித்தரும் கிளைத் தொகுப்புகளைப் பயன்படுத்துவது. இரண்டாவதில் மாடலை ஓட்டும் டிஎஃப்லைட் நூலகமும் கோரல் நூலகமும் ஒரே காலத்தில் கட்டப்பட்ட ஜோடியாக இருக்க வேண்டும். ஜோடி மாறினால் பிழைச் செய்தி கூட வராது, நிரல் அப்படியே செத்துவிழும். எம்.2 வகை கோரலில் கர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) டிரைவர் வேறு. புதிய லினக்ஸ் கர்னல்களில் அந்த டிரைவர் திருத்தம் போடாமல் கட்டப்படாது. பை 5-இல் அதற்கு மேல் 16 கேபி நினைவகப் பக்கத்தை 4 கேபி கர்னலுக்கு மாற்றும் வேலையும் உண்டு. பை 5-க்கு எம்.2 கோரல் வேண்டவே வேண்டாம்.

இரண்டு சிப் உள்ள எம்.2 கோரல் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவு என்று வாங்கிவிட்டு ஒரு சிப் மட்டுமே தெரிகிறது என்று புலம்புபவர்கள் நிறைய. அந்த அட்டைக்கு இரண்டு பிசிஐஇ பாதைகள் வேண்டும். மடிக்கணினிகளில் வைஃபை அட்டை உட்காரும் துளை பெரும்பாலும் ஒன்றுதான் தரும்.

ஹேட் பிளஸ் பொருத்துவது

வரிசை மாறினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். முதலில் பையின் மென்பொருளையும் பூட்லோடரையும் (போர்டைத் துவக்கும் நிரல்) புதுப்பியுங்கள். பூட்லோடர் 2023 டிசம்பருக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்துங்கள். ஹேட்டுக்கு முன்னால் ஆக்டிவ் கூலரைப் பொருத்துங்கள், பிறகு கை நுழையாது. 40 முள் இணைப்பில் உயர நீட்டிப்பைச் செருகி, நான்கு மூலைகளில் தாங்கிகளைத் திருகுங்கள். ரிப்பன் கேபிளின் செப்புப் பக்கம் யூஎஸ்பி துளைகளைப் பார்த்து இருக்க வேண்டும். பூட்டின் இரு முனைகளையும் சமமாகத் தூக்கி, கேபிளை நேராக இறக்கி, இரு முனைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு முனை மட்டும் இறங்கிய பூட்டுதான் சிப் தெரியவில்லை என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

பிறகு ஹெய்லோ மென்பொருள் தொகுப்பை நிறுவி, மறுபடி துவக்கி, அடையாளம் காட்டும் கட்டளையைக் கொடுத்தால் ஹெய்லோ 8 அல்லது 8எல் என்று பதில் வரும். வரவில்லையென்றால் பிசிஐஇ சாதனப் பட்டியலைப் பாருங்கள். பட்டியலிலேயே இல்லை என்றால் கேபிள். பட்டியலில் இருந்தும் சாதனக் கோப்பு உருவாகவில்லை என்றால், இப்போது ஓடும் கர்னலுக்கு டிரைவர் கட்டப்படவில்லை. டிரைவர் பதிப்பு பொருந்தவில்லை என்று பிழை வந்தால் டிரைவரும் நூலகமும் வேறு வேறு பதிப்பு. மூன்றாவதுதான் அதிகம் நடக்கும், அதுவும் கன்டெய்னரில். ஃபிரிகேட் போன்ற கேமரா மென்பொருளின் கன்டெய்னருக்குள் ஒரு பதிப்பு நூலகம் இருக்கும், வெளியே ராஸ்பெர்ரி பை ஓஎஸ் வேறு பதிப்பு டிரைவரைப் போட்டிருக்கும். கன்டெய்னர் எதிர்பார்க்கும் பதிப்பையே வெளியே நிறுவி, அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி பூட்டிவிடுங்கள்.

நினைவகப் பக்க அளவு 4096-ஐ மீறுகிறது என்ற பிழை வந்தால், ஹெய்லோ டிரைவரின் மாட்யூல் அமைப்பில் விவரணப் பக்க அளவை 4096 என்று கட்டாயப்படுத்தும் ஒரு வரி சேர்த்து மறுபடி துவக்கினால் போதும்.

பிசிஐஇ வேகம் ஹேட் பிளஸில் தானாகவே ஜென் 3-க்கு (மூன்றாம் தலைமுறை வேகம்) போகும். அதற்கு முன் 2024 ஜூனில் வந்த ஏஐ கிட் வைத்திருப்பவர்கள் அமைப்புக் கருவியில் அதைக் கையால் மாற்ற வேண்டும். ஜென் 2-இல் ஒரு பாதைக்கு நொடிக்கு 500 எம்பி, ஜென் 3-இல் சுமார் 985. ஒரு 640-க்கு 640 வண்ணப் படம் 1.2 எம்பி, 30 படம் அனுப்பினாலும் 37 எம்பிதான். அப்படியென்றால் ஜென் 3 எதற்கு?

பதில் மறுபடியும் நினைவகம். ஹெய்லோ 8, 8எல் இரண்டுக்கும் வெளி டிரேம் கிடையாது. மாடலின் அடுக்குகளைச் சிப்பின் பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் பிரித்து உட்காரவைத்து, ஒரு படம் ஐந்தாவது அடுக்கில் இருக்கும்போதே அடுத்த படம் முதல் அடுக்கில் நுழையும்படி ஓட்டுவது இதன் வடிவமைப்பு. மொத்த மாடலும் உட்கார்ந்துவிட்டால் அசத்தும். பொருள்களைக் கண்டறியும் யோலோ 8-இன் நடுத்தர அளவு மாடலில் 2.59 கோடி எடைகள். 8எல் சிப்பில் அது ஒரே தடவையில் உட்காராது. கம்பைலர் அதைத் துண்டுகளாக வெட்டி, முதல் துண்டை ஏற்றி ஓட்டி, இரண்டாம் துண்டை ஏற்றி ஓட்டி என்று மாற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எடைகள் பிசிஐஇ வழியாக வர வேண்டும். அங்கேதான் ஜென் 3 கைகொடுக்கிறது.

துண்டாக ஓடும் மாடலுக்கு விளம்பரங்களில் காட்டும் வேகம் பெரும்பாலும் 8 படங்களைச் சேர்த்து அனுப்பி அளந்தது. ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை ஏற்றி 8 படங்களை ஓட்டிவிட்டால் ஏற்றும் செலவு எட்டில் ஒன்றாகிறது. பதிவான வீடியோவுக்கு அது சரி. 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு 30 படம்) நேரலைக் கேமரா ஒன்று மட்டும் இருந்தால், 8 படம் சேரவே 267 மில்லி செகண்ட் ஆகும். ரோபோ அதற்குள் சுவரில் மோதிவிடும். ஒற்றைப் படத்துக்கான வேகம் என்ன என்று தேடிப் பார்த்து முடிவெடுங்கள். 26 டாப்ஸ் பலகைக்குக் கூடுதலாக 40 டாலர் கொடுப்பதன் உண்மையான பலன் இதுதான்: இரட்டிப்பு வேகம் என்று நினைக்காமல், துண்டாகாமல் உட்காரும் மாடலின் அளவு கூடுகிறது என்று நினையுங்கள்.

ஹேட் பிளஸின் பெரிய தொல்லை, பை 5-இல் வெளியே தெரியும் ஒரே பிசிஐஇ பாதையை அது எடுத்துக்கொள்வது. பிசிஐஇ வழியாகவே ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டியும் வேண்டும் என்றால் இரட்டைத் துளைப் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் நடுவில் இருக்கும் ஸ்விட்ச் ஜென் 2 வேகம் மட்டுமே கொண்டது. துண்டாகும் மாடல் ஓட்டுபவர் அதைப் பார்த்து வாங்க வேண்டும். வீடியோ சேமிக்க யூஎஸ்பி 3 எஸ்எஸ்டியே போதும்.

சொந்த மாடலை ஏற்றும்போது

இரண்டு சிப்புகளும் 8 பிட் முழு எண்ணாகக் குறுக்கிய மாடலைத்தான் எடுக்கும். இரண்டின் கம்பைலரும் பையில் ஓடாது, எக்ஸ்86 லினக்ஸ் கணினி வேண்டும். கோரல் கம்பைலர் சின்னது, சில நொடிகளில் முடியும். அதன் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: தனக்குத் தெரியாத ஒரு செயலை மாடலின் நடுவில் கண்டால், அதையும் அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றையும் சிபியு தலையில் கட்டிவிடும். பத்தாவது அடுக்கில் தெரியாத செயல் இருந்தால் அங்கிருந்து மொத்தமும் சிபியுதான். அறிக்கையில் எத்தனை செயல் சிப்புக்கு, எத்தனை சிபியுவுக்கு என்று பிரித்துப் போடும்.

யோலோ மாடல்களைக் குறுக்கும்போது பொருள்களே கண்டுபிடிக்கப்படவில்லை என்ற நிலை வந்தால், கடைசி வெளியீட்டைப் பாருங்கள். பொருளைச் சுற்றி மாடல் போடும் பெட்டியின் இடங்கள் 0 முதல் 640 வரை, நம்பக மதிப்பு 0 முதல் 1 வரை. இரண்டும் ஒரே வெளியீட்டில் ஒட்டியிருந்தால் 256 படிகளும் 640-க்குப் பங்கு போய், ஒரு படி 2.5 ஆகிறது. 0.9 என்ற நம்பகம் அந்த அளவுகோலில் பூஜ்ஜியமாகிவிடும். இடங்களைப் படத்தின் அளவால் வகுத்து 0 முதல் 1-க்குள் கொண்டுவந்து ஏற்றுமதி செய்ய வேண்டும், அல்லது ஒட்டுவதற்கு முந்தைய அடுக்குகளிலேயே மாடலை வெட்ட வேண்டும். ஹெய்லோ பக்கம் இரண்டாவது வழிதான் வழக்கம். மீதியைச் சிபியு பார்த்துக்கொள்ளும்.

ஹெய்லோ கம்பைலர் கனமானது. அவர்கள் தளத்தில் கணக்கு தொடங்கித்தான் இறக்க முடியும். 1,024 மாதிரிப் படங்களுக்குக் குறைவாகக் கொடுத்தாலோ, கணினியில் ஜிபியு இல்லாவிட்டாலோ, துல்லியத்தைச் சீராக்கும் நிலையைத் தானாகவே பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு வேலையை முடித்துவிடும். நூறு வரி ஓடும் திரையில் அந்த எச்சரிக்கை கண்ணில் படாது. மாடல் உருவாகும், ஓடும், ஆனால் பாதி ஆட்களைக் காணாது. மாதிரிப் படங்கள் கேமரா பார்க்கப்போகும் இடத்திலிருந்தே வர வேண்டும்: இரவுக் காட்சி, மழை, ஹெட்லைட் வெளிச்சம் எல்லாம் கலந்து.

இன்னொரு பிழை, பிக்சல் மதிப்பை இரண்டு முறை சீராக்குவது. ஹெய்லோவுக்கான மாடல் அமைப்பு ஸ்கிரிப்டில் 255-ஆல் வகுக்கும் வேலையைச் சிப்புக்கே கொடுத்திருப்பீர்கள், பழைய பழக்கத்தில் பைத்தான் நிரலிலும் வகுத்திருப்பீர்கள். சிப்புக்குப் போவது ஏறக்குறைய முழுக்கறுப்புப் படம். ஒரு சிப்புக்குச் செய்த மாடல் கோப்பை இன்னொன்றுக்குக் கொடுக்கவும் கூடாது. 8எல்-க்காகச் செய்தது 8-இல் வேகம் குறைந்து ஓடும், 8-க்காகச் செய்தது 8எல்-இல் ஓடாது.

கேமராவுக்கு வாங்குபவர்கள்

நான்கு கேமரா, ஒவ்வொன்றிலும் நொடிக்கு 5 படம் என்றால் 20 படங்கள். கோரல் ஒரு படத்துக்கு 10 மில்லி செகண்ட் எடுத்தாலும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வேலை. 2 வாட்டில் ஐந்தில் ஒன்று, சராசரி 0.4 வாட், வருடத்துக்கு மூன்றரை யூனிட் மின்சாரம். இதில் 13 டாப்ஸா 26 டாப்ஸா என்று யோசிப்பதற்கு எதுவுமில்லை.

மின்சாரம் போவது வேறு இடத்தில். பை 5-இல் எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வன்பொருள் கிடையாது, எச்.265-க்கு மட்டும்தான் உண்டு. கேமரா எச்.264-இல் முழு எச்டி அனுப்பினால் அதைப் பிரிக்கும் வேலை மொத்தமும் சிபியுவுக்கு. சும்மா இருக்கும்போது 3 வாட் அளவில் இருக்கும் போர்டு, நான்கு கோரும் முழுவேகத்தில் ஓடினால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கும். ஆக்சிலரேட்டரில் மிச்சம் பிடித்ததெல்லாம் இங்கே கரைந்துவிடும். கேமராவின் அமைப்பில் இரண்டாம் ஓடையை (ஸ்ட்ரீம்) 640-க்கு 360, நொடிக்கு 5 படம் என்று வைத்துக் கண்டறிதலுக்கு அதைக் கொடுங்கள். முழு எச்டி 30 எஃப்பிஎஸ் ஓடையோடு ஒப்பிட்டால் பிரிக்க வேண்டிய பிக்சல்கள் 54-இல் ஒரு பங்கு. முதன்மை ஓடையைப் பிரிக்காமலே அப்படியே வட்டில் எழுதலாம். கேமராவில் எச்.265 வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள். இந்த மாற்றங்களுக்குக் காசு செலவில்லை, எந்தச் சிப் வாங்கினாலும் முதலில் செய்ய வேண்டியது இது.

வீட்டில் ஏற்கெனவே இன்டெல் என்100 மாதிரிச் சின்னக் கணினி இருந்தால் எதுவுமே வாங்க வேண்டாம். அதன் உள்கிராஃபிக்ஸே இன்டெலின் ஓபன்வினோ மென்பொருள் மூலம் இந்த அளவு கண்டறிதலைச் சமாளிக்கும், எச்.264-ஐயும் வன்பொருளிலேயே பிரிக்கும்.

சாட்பாட் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்தச் சிப்புகள் எதிலும் முடியாது. மொழி மாடல் ஒரு சொல்துண்டை உருவாக்க எல்லா எடைகளையும் ஒருமுறை படிக்க வேண்டும். 150 கோடி எடை மாடலை 4 பிட்டாகச் சுருக்கினாலும் 750 எம்பி. சிப்புக்குள் அதற்கு இடமில்லை, ஒற்றைப் பிசிஐஇ பாதை வழியாக ஒவ்வொரு துண்டுக்கும் அதை இழுத்தால் நொடிக்கு ஒன்றுதான் தேறும். அதற்கென்று சொந்தமாக 8 ஜிபி டிரேம் வைத்த ஹெய்லோ 10எச் சிப்புடன் ஏஐ ஹேட் பிளஸ் 2 என்ற தனிப் பலகை வந்திருக்கிறது. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் கடையில் ஆர்டர் கொடுக்கும்போது கடைசி எண்ணைக் கவனியுங்கள்.